மணலும் கறுப்புத் தூளும்: டிஎன்ஏ பிடிக்கும் காந்த மணிகளை லேப்லயே செய்ய முடியுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்பச் சொன்னதை வெட்டியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

சின்ன வயசுல பழைய ஸ்பீக்கரை உடைச்சு காந்தம் எடுத்திருக்கீங்களா? எடுத்தவங்க எல்லாரும் அடுத்து ஒரே வேலையைத்தான் செஞ்சிருப்பீங்க. மணல்ல போட்டுப் புரட்டுறது. தூக்கிப் பார்த்தா காந்தத்துக்கு மீசை முளைச்ச மாதிரி கறுப்பா ஒரு தூள் ஒட்டியிருக்கும். அதை ஒரு தாள்ல தட்டி, தாளுக்கு அடியில காந்தத்தை ஓட்டி, முள்ளு முள்ளா நிக்க வெச்சு விளையாடுவோம். நாங்க அதை இரும்புத் தூள்னு சொல்லுவோம். உண்மையில அப்படிப் பாய்ஞ்சு வந்து ஒட்டுறது மேக்னடைட்ங்கற தாது. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. காந்தத்தைக் கண்டுக்காம கீழேயே கிடக்குற வெளிர் மணல்ல பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா.

இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. மேக்னடைட் உள்ளே, சிலிக்கா வெளியே. இப்படி ஒரு குட்டி உருண்டை செஞ்சா, அது எச்சில்ல இருந்தும் ரத்தத்துல இருந்தும் இலையில இருந்தும் டிஎன்ஏவைப் பிடிச்சுக் கொடுக்கும். லேப்ல இதுக்குப் பேரு மேக்னெட்டிக் பீட்ஸ். காந்த மணிகள்னு சொல்லலாம். கம்பெனிகள் இதைச் சின்ன பாட்டில்ல போட்டு மில்லி கணக்குல விக்கிறாங்க. விலையைக் கேட்டா, ஏதோ வாசனைத் திரவியக் கடைக்குள்ள தப்பா நுழைஞ்சிட்டோமோன்னு தோணும்.

இன்னைக்கு எபிசோட் இந்த மணியை நாமளே லேப்ல செய்யறதைப் பத்தி. செய்ய முடியுமா? முடியும். செய்யலாமா? அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல, இது எதுக்குத் தேவைப்படுதுன்னு பார்ப்போம். ஒரு சொட்டு எச்சில்ல டிஎன்ஏ மட்டுமா இருக்கு? புரதம், கொழுப்பு, உப்பு, வாயில குடியிருக்கற பாக்டீரியா, காலைல குடிச்ச காபி எல்லாமே இருக்கும். அடுத்து செய்யப்போற பிசிஆர் ரொம்பக் கோவக்கார ஆளு. கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் வேலை செய்யமாட்டேன்னு உட்கார்ந்துடும். அதனால முதல் வேலை சுத்திகரிப்பு. அந்தக் காலத்துல ஃபீனால், குளோரோஃபார்ம் ஊத்திக் குலுக்கி, சுழற்றி, மேல் அடுக்கை மட்டும் பிப்பெட்ல உறிஞ்சி எடுப்பாங்க. அப்புறம் சிலிக்கா வடிகட்டி வெச்ச குட்டிக் குழாய்கள் வந்துச்சு. அதுக்கும் சென்ட்ரிஃபியூஜ் வேணும், ஒவ்வொரு தடவையும் போட்டு எடுத்துப் போட்டு எடுக்கணும். காந்த மணி வந்ததும் அந்தச் சுழற்றுற வேலையே போச்சு. குழாய் பக்கத்துல காந்தத்தை வெச்சா மணி எல்லாம் சுவரோட ஒட்டிக்கும். தண்ணியை உறிஞ்சி எறிஞ்சிடலாம். ஒரே தட்டுல 96 சாம்பிள், ரோபோ கையாலேயே முடிஞ்சிடும்.

2020ல என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். கோவிட் டெஸ்ட்டுக்கு மூக்குல குச்சி விட்டாங்களே, அந்தச் சாம்பிள்ல இருந்து வைரஸோட ஆர்என்ஏவைப் பிரிச்சு எடுக்கறதுதான் முதல் படி. உலகம் பூரா ஒரே மாசத்துல எல்லாரும் ஒரே கிட்டைக் கேட்டா எங்க இருந்து வரும்? பிசிஆர் மெஷின் சும்மா நிக்குது, ஆள் இருக்காங்க, சாம்பிள் குவிஞ்சு கிடக்கு, பிரிச்சு எடுக்குற கிட் மட்டும் இல்ல. நம்ம நாட்டுல இதுக்கு ரெண்டு விதமா வழி தேடினாங்க. ஹைதராபாத் சிசிஎம்பி அந்தப் படியையே தாண்டிடலாம்னு பார்த்தாங்க: உலர்ந்த குச்சியை எடுத்து, ஒரு சாதாரண பஃபர்ல முக்கி, சூடாக்கி, நேரா பிசிஆர். அந்த வருஷம் நவம்பர்ல ஐசிஎம்ஆர் அதுக்கு ஒப்புதல் கொடுத்தது. திருவனந்தபுரத்துல இருக்கற ஸ்ரீசித்ரா திருநாள் நிறுவனம் இன்னொரு பக்கம் போச்சு. காந்த நானோ துகள் வெச்சு அவங்களே ஆர்என்ஏ பிரிக்கிற கிட் ஒண்ணை உருவாக்கினாங்க. 2020 மே மாசமே கொச்சியில இருக்கற ஒரு கம்பெனி மூலமா அது வெளிய வந்துச்சு.

ஆனா இந்தச் சமையல் குறிப்பு அதுக்கு முன்னாடியே பொதுவெளியில இருந்தது. ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்துல இருந்த டோமஷ் யுர்கோவ்ஸ்கி, நியூசிலாந்து ஒடாகோ பல்கலைக்கழகத்து டிம் ஹோர், அவங்க குழுவினர் எல்லாம் சேர்ந்து 2019 ஜனவரியில ப்ளாஸ் பயாலஜி இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. பயோ ஆன் மேக்னெட்டிக் பீட்ஸ். சுருக்கினா பாம். (ஏர்போர்ட்ல இந்த ஆராய்ச்சியைப் பத்திப் போன்ல சத்தமா பேசாதீங்க.) மணியை எப்படிச் செய்யறது, மேல எப்படிப் பூச்சு போடறது, காந்தத் தட்டை எப்படிச் செஞ்சுக்கறது, எந்தச் சாம்பிளுக்கு எந்த முறை, எல்லாத்தையும் யாரும் எடுத்துச் செய்யலாம்னு திறந்து வெச்சுட்டாங்க.

சரி, அடுப்பைப் பத்த வைப்போம்.

நமக்கு வேண்டியது சாதாரணக் காந்தம் இல்ல. அது முக்கியம், அதனால கொஞ்சம் நிக்கிறேன். ஒரு ஊசியைக் காந்தத்துல தேய்ச்சா அந்த ஊசியும் கொஞ்ச நேரம் காந்தமாயிடும் இல்லையா? நம்ம மணி அப்படி ஆனா காரியம் கெட்டுது. காந்தத்தை எடுத்த பிறகும் ஒண்ணை ஒண்ணு இழுத்து, கட்டி கட்டியா ஒட்டிக்கும்; மறுபடி தண்ணியில பரவாது. நமக்குக் காந்தம் பக்கத்துல இருக்கும்போது மட்டும் காந்தமா இருக்கணும், எடுத்ததும் எல்லாத்தையும் மறந்துடணும். இந்தக் குணத்துக்கு சூப்பர்பாரா காந்தத்தன்மைன்னு பேரு. மேக்னடைட் துகளைச் சுமார் 10 நானோமீட்டர் அளவுக்குக் குட்டியாக்கிட்டா அது தானா வந்துடும். அவ்வளவு சின்னத் துகள்ல, அறையோட சாதாரணச் சூடே அதோட காந்தத் திசையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டே இருக்கும். ஸ்கூல் அசெம்பிளி மாதிரின்னு வெச்சுக்கோங்க. பி.டி. சார் விசில் அடிச்சா எல்லாரும் ஒரே திசையில நிப்பாங்க. அவர் அந்தப் பக்கம் போனதும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் பேச ஆரம்பிச்சுடுவாங்க.

இவ்வளவு சின்னதா எப்படி அரைக்கிறது? அரைக்க வேண்டாம், கரைசல்ல இருந்து படிய வைக்கணும். இரும்பு ரெண்டு வடிவத்துல வேணும்: ஃபெரஸ் குளோரைடு ஒரு பங்கு, ஃபெரிக் குளோரைடு ரெண்டு பங்கு. மேக்னடைட்லயே இரும்பு அந்தக் கணக்குலதான் இருக்கு, அதனாலதான் ஒண்ணுக்கு ரெண்டு. எடையில இல்ல, மோல் கணக்குல. ரெண்டையும் தண்ணியில கரைச்சா ஆரஞ்சுப் பழுப்புல டிகாஷன் மாதிரி ஒரு கரைசல் வரும். இதைச் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லேன்னா அமோனியா மாதிரி காரக் கரைசலோட வேகமாக் கலக்கிக்கிட்டே சேர்க்கணும். சேர்த்த நொடியில எல்லாம் கறுப்பு. மை கொட்டின மாதிரி. முதல் தடவை பார்க்குறப்போ நிஜமாவே கை தட்டத் தோணும். 1981ல பிரான்ஸ்ல ரெனே மசார் இந்த வழியில காந்தத் திரவம் செஞ்சு காட்டினார். அதுக்கப்புறம் உலகம் பூரா லேப்கள்ல செய்யறது இதோட உறவுமுறைகள்தான்.

கேட்க ரெண்டு நிமிஷ வேலை மாதிரி இருக்கு. நான் முதல் தடவை செஞ்சப்போ ரெண்டு இடத்துல வழுக்கினேன், சொல்றேன். ஒண்ணு, காத்து. ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜனைப் பார்த்தா ஃபெரிக்கா மாறிடும். நாம அளந்து வெச்ச ஒண்ணுக்கு ரெண்டு கணக்கு அங்கேயே தப்பிடும். தண்ணியில நைட்ரஜன் வாயுவைக் குமிழியா விட்டு, கரைஞ்சிருக்கற ஆக்சிஜனை முதல்லயே துரத்தணும். எனக்குப் பொறுமை இல்ல. கறுப்புக்குப் பதிலா செங்கல் கலர்ல ஒண்ணு வந்துச்சு. காந்தத்தை வெச்சேன், அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், யாரும் நகரல. சாதாரணத் துரு.

ரெண்டாவது இன்னும் கேவலம். வேகமாக் கலக்கணும்னு சொன்னாங்களேன்னு பீக்கரை மேக்னெட்டிக் ஸ்டிரர் மேல வெச்சேன். அதுக்குள்ள போட்டுச் சுத்துற வெள்ளைக் குச்சியே ஒரு காந்தம்! செஞ்ச துகள் பூரா குச்சியைச் சுத்தி அப்பிக்கிட்டு, எள்ளுருண்டை மாதிரி ஒண்ணு உள்ளே சுத்திக்கிட்டு இருந்தது. மேல இருந்து மோட்டார்ல தண்டு இறங்கிக் கலக்குற கருவிதான் இதுக்கு வேணும். இல்லேன்னா கையால விடாம ஆட்டணும்.

கறுப்புத் தூள் வந்ததும் பீக்கருக்கு அடியில ஒரு பலமான காந்தத்தை வெச்சு, தெளிஞ்ச தண்ணியைக் கொட்டி, புதுத் தண்ணி ஊத்தி, மறுபடி காந்தம், மறுபடி தண்ணி. காரம் போறவரைக்கும். அரிசி களையற வேலைதான்.

அப்போ அந்தக் கறுப்புத் தூளை அப்படியே டிஎன்ஏல போட்டுட வேண்டியதுதானேன்னு கேக்கலாம். போட்டா பிடிக்கும், ரொம்ப நல்லாவே பிடிக்கும். பிரச்சினை என்னன்னா, விடாது. டிஎன்ஏ முதுகெலும்புல பாஸ்பேட் இருக்கு. இரும்பு ஆக்சைடுக்கு பாஸ்பேட் மேல அவ்வளவு பாசம். போதாததுக்கு இரும்பு அயனிகள் கரைஞ்சு வந்து பிசிஆரைக் கெடுக்கும். அதனாலதான் மேல ஒரு சட்டை மாட்டுறோம். சட்டை ரெண்டு வகை.

முதல் வகை சிலிக்கா, நம்ம வெளிர் மணல். டெட்ராஎத்தில் ஆர்தோசிலிகேட்னு ஒரு திரவம், எத்தனால், கொஞ்சம் தண்ணி, அமோனியா. இதுல கறுப்புத் துகளைப் போட்டு மணிக்கணக்கா கலக்கினா, அந்தத் திரவம் மெல்ல உடைஞ்சு துகள் மேல கண்ணாடி மாதிரி படியும். 1968ல வெர்னர் ஸ்டோபர் விளக்கின முறை. ஒரு சட்டைக்குள்ள பல குட்டித் துகள்கள் சேர்ந்து மாட்டிக்கும், அதனால முடிவுல வர்ற மணி சில நூறு நானோமீட்டர் இருக்கும். அது நல்லதுதான். 10 நானோமீட்டர் துகள் தனியா இருந்தா காந்தம் இழுத்து முடிக்கறதுக்குள்ள நாம டீ குடிச்சிட்டு வந்துடலாம்.

இந்தச் சட்டை டிஎன்ஏவை எப்படிப் பிடிக்குது? நியாயமாப் பார்த்தா பிடிக்கவே கூடாது. சிலிக்கா மேலயும் எதிர் மின்சுமை, டிஎன்ஏ மேலயும் எதிர் மின்சுமை. ரெண்டும் முகம் திருப்பிக்கணும். இங்கதான் குவானிடின் தயோசயனேட்ங்கற உப்பு நடுவுல வருது. நிறைய போட்டா, டிஎன்ஏவையும் சிலிக்காவையும் போர்த்தியிருக்கற தண்ணியை அது கலைச்சுடும். போர்வை போனதும், உப்பு அயனிகள் பாலமா இருக்க, டிஎன்ஏ சிலிக்கா மேல உட்கார்ந்துக்கும். அப்புறம் உப்பே இல்லாத சுத்தத் தண்ணியை ஊத்தினா, போர்வை திரும்பக் கிடைச்ச டிஎன்ஏ இறங்கி வந்துடும். அதே உப்பு செல்லையும் உடைக்கும், ஆர்என்ஏவைத் தின்னுற என்சைம்களையும் முடக்கும். நெதர்லாந்துல ஆம்ஸ்டர்டாம்ல ரெனே பூம் குழு 1990ல வெளியிட்ட வழி இது.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. குவானிடின் தயோசயனேட் இருக்கற கழிவுல பிளீச் ஊத்தவே கூடாது. சயனைடு வாயு வரும். கோவிட் நேரத்துல எதைப் பார்த்தாலும் பிளீச் ஊத்தற பழக்கம் வந்துச்சு இல்லையா, அப்போ லேப்கள்ல இதைத் தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்ட வேண்டியிருந்தது.

ரெண்டாவது சட்டை கார்பாக்சில். மேத்தக்ரிலிக் அமிலத்தை வெச்சு ஒரு பாலிமர் பூச்சு. இதுக்குக் குவானிடின் வேண்டாம். பெக்னு சுருக்கமாச் சொல்ற பாலிஎத்திலீன் கிளைக்காலும் சாதாரண உப்பும் போதும். பெக் தண்ணிக்குள்ள ஏகப்பட்ட இடத்தை அடைச்சுக்கும். சாயங்காலம் ஆறு மணி 21ஜி பஸ்ல ஏறின மாதிரி, டிஎன்ஏவுக்குக் கால் வைக்க இடம் இல்லாம சுருண்டு, பக்கத்துல இருக்கற மணி மேல ஒண்டிக்கும். 1995ல அமெரிக்காவுல வைட்ஹெட் நிறுவனத்துல இருந்த ஒரு குழு இதை வெளியிட்டது.

எனக்கு இந்த ரெண்டாவது வகைதான் ரொம்பப் பிடிக்கும். ஏன்னா, இதை வெச்சு டிஎன்ஏவை நீளம் பார்த்துச் சலிக்கலாம். பெக் அதிகமா இருந்தா குட்டித் துண்டு, பெரிய துண்டு எல்லாமே ஒட்டும். பெக்கைக் குறைச்சா குட்டித் துண்டுகள் தப்பிச்சுடும், நீளமானது மட்டும் ஒட்டும். சாம்பிளைப் போல 1.8 மடங்கு மணிக் கரைசல் ஊத்தினா கிட்டத்தட்ட எல்லாம் தங்கும், 0.8 மடங்குன்னா பிசிஆர்ல மிச்சமான பிரைமர் மாதிரியான பொடிசுகள் வெளிய போயிடும். ஊத்துற அளவுதான் சல்லடைக் கண். சீக்வென்சிங் செய்யற லேப்களுக்கு இது தினசரி வேலை, அதனால செலவும் தினசரி. பண்டைய டிஎன்ஏ ஆராய்ச்சியில அடிக்கடி பேர் அடிபடுற டேவிட் ரீக், நாடின் ரோலாண்ட் ரெண்டு பேரும் 2012ல ஒரு நடுவழியைப் பிரபலமாக்கினாங்க: மணியை மட்டும் மொத்தமா வாங்கு, பெக் உப்புக் கரைசலை நீயே கலந்துக்கோ. மணி செய்யப் பயமா இருக்கறவங்க இங்க இருந்து ஆரம்பிக்கறதுதான் புத்திசாலித்தனம்னு நான் நினைக்கிறேன். செலவு குறையும், எள்ளுருண்டையும் வராது.

ஒட்டின பிறகு நடக்கறது ரெண்டு சட்டைக்கும் ஒண்ணுதான். காந்தத்துல வெச்சு, 70 அல்லது 80 சதவீத எத்தனால் ஊத்தி ரெண்டு தடவை கழுவணும். உப்பு கரைஞ்சு போயிடும், டிஎன்ஏ எத்தனால்ல கரையாம மணி மேலயே இருக்கும். அப்புறம் காய விடணும். இந்த இடம் தோசை திருப்புற மாதிரி. சீக்கிரம் எடுத்தா எத்தனால் மிச்சம் இருந்து பிசிஆர் படுத்துடும். அதிகமாக் காஞ்சா மணிப் படலம் வெயில்ல வத்தின ஏரி மாதிரி வெடிச்சு நிக்கும். அதுக்கப்புறம் எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் டிஎன்ஏ முழுசா வராது. பளபளப்பு போய் மங்கலா ஆகுற நேரத்துல தண்ணி விட்டுடணும்.

ஆர்என்ஏன்னா கூடுதல் ஜாக்கிரதை. அதைத் தின்னுற என்சைம் நம்ம தோல்லயே இருக்கு, கையுறை இல்லாம குழாயைத் தொடக்கூடாது. சிலிக்கா மேல ஆர்என்ஏ நல்லா ஒட்ட ஆல்கஹாலும் சேர்க்கணும். கூடவே டிஎன்ஏவும் வரும். அதை வெட்டிப் போட நடுவுல டிஎன்ஏஸ் என்சைம்.

இப்போ அந்த ரெண்டாவது கேள்வி. செய்யலாமா?

ஒரு பிஎச்டி அக்கா சொன்னது. ஃபீல்டுல அலைஞ்சு சேர்த்த சாம்பிள் பூரா மைனஸ் 80 ஃப்ரீசர்ல. கிட் ஆர்டர் போட்டு, கோப்பு மேசை மேசையா ஏறி இறங்கி, வர்றதுக்கு மாசக்கணக்காச்சு. ஃபெலோஷிப் தேதி மட்டும் யாருக்காகவும் நிக்கல. ராத்திரி கரண்ட் போனா, ஜெனரேட்டர் சத்தம் கேக்குதான்னு ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்து பார்ப்பாங்களாம். கடைசியில ரெண்டு பேர் சேர்ந்து மணியைச் செஞ்சாங்க. ஒரு மாசம் ஆச்சு. செய்யறதுக்கு இல்ல, செஞ்சது சரியா இருக்கான்னு பார்க்க.

கம்பெனி பாட்டில்ல நாம காசு கொடுக்கறதுல பாதி அதுக்குத்தான்னு எனக்குத் தோணுது. இரும்பும் மணலும் விலை இல்ல. இந்த மாசம் வாங்கின பாட்டிலும் அடுத்த வருஷம் வாங்கப்போற பாட்டிலும் ஒரே மாதிரி நடந்துக்கும்ங்கற உறுதிதான் விலை. நாமளே செஞ்சா அந்த வேலை நம்ம தலையில. தெரிஞ்ச அளவு டிஎன்ஏவைப் போட்டு எவ்வளவு திரும்ப வருதுன்னு ஒவ்வொரு தடவை செஞ்சப்புறமும் அளக்கணும். 260க்கு 280 விகிதம் டிஎன்ஏவுக்கு 1.8 பக்கத்துல, ஆர்என்ஏவுக்கு 2 பக்கத்துல இருக்கான்னு பார்க்கணும். 260க்கு 230 விகிதம் சரிஞ்சா குவானிடின் சரியாக் கழுவுப்படலன்னு அர்த்தம். அதைவிட முக்கியம், சாம்பிளே போடாம வெறும் மணியை மட்டும் முழு முறைக்கும் உட்படுத்தி, கடைசியில பிசிஆர் வெச்சுப் பார்க்கணும். அதுல ஏதாவது வந்தா அது உங்க சாம்பிள் இல்ல, உங்க தண்ணியில இருந்த பாக்டீரியா. மண்ணுலயோ குடல்லயோ என்ன பாக்டீரியா இருக்குன்னு ஆராய்ச்சி செய்யறவங்க இதை விட்டா, தன் லேப் குழாய்த் தண்ணியைப் பத்தி தீசிஸ் எழுதிடுவாங்க.

அதனால ஆராய்ச்சிக்கும் காலேஜ் பிராக்டிகலுக்கும் செய்யுங்கன்னு சொல்லுவேன். ஒரே வகை சாம்பிள் ஆயிரக்கணக்குல வெச்சிருக்கற லேபுக்குக் கண்டிப்பா. இருபது சாம்பிள்தான்னா பக்கத்து லேப்ல கடன் கேளுங்க. ஒரு நோயாளிக்கு ரிசல்ட் எழுதிக் கொடுக்கற இடத்துக்கு வீட்டுச் சமையல் வேண்டாம். அங்க அங்கீகாரம் பெற்ற கிட்தான். ஸ்ரீசித்ரா கிட்டும் லேப்ல வேலை செஞ்சதோட நிக்கல. வெளியே சோதிச்சு, சரின்னு சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிகளுக்குப் போச்சு.

போன வாரம் இந்தத் தலைப்பைச் சொன்னப்போ ஒருத்தர் மெயில்ல கேட்டிருந்தார்: காந்தத்துக்கு எங்க போறது, அந்தப் பழைய ஸ்பீக்கர் போதுமான்னு. ஸ்பீக்கர்ல பெரும்பாலும் இருக்கறது கறுப்பு ஃபெரைட் காந்தம், இழுவை கம்மி. குழாய்ல வெச்சா மணி நகரும், ஆனா பெக் கரைசல் கெட்டியா இருக்கறதால ரொம்ப நேரம் உட்காரணும். செத்துப்போன கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தீங்கன்னா, உள்ளே வளைஞ்ச வெள்ளி நிறத்துல நியோடிமியம் காந்தம் இருக்கும். அது ஜோரா வேலை செய்யும். ரெண்டு காந்தத்தைப் பக்கத்துல பக்கத்துல கொண்டு போகும்போது நடுவுல விரலை மட்டும் வெச்சுடாதீங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.